விளக்குப் பிடிக்கும் தகப்பனார்

நம் நாட்டு வீடுகளில் ஓர் உத்தியோகம் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது. வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். தகப்பனார் சைக்கிளுக்குப் பங்ச்சர் ஒட்டினாலும் சரி, தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாட்டினாலும் சரி, பக்கத்தில் ஒரு குழந்தை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். "இந்தப் பக்கம் காட்டு! என் கண்ணிலே அடிக்காதே! கை ஆடாமல் பிடி!" என்று உத்தரவுகள் மாறி மாறிப் பிறக்கும். வேலை முடிந்ததும் தகப்பனார் கையைத் துடைத்துக்கொண்டு காப்பி சாப்பிடப் போய்விடுவார். விளக்குப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஒன்றுதான் குழந்தைக்குத் தெரியும். குழாய் ஏன் ஒழுகிற்று, ஒழுகல் எப்படி நின்றது என்னும் விஷயங்களெல்லாம் தகப்பனாரோடு போய்விடும்.

இந்த உத்தியோகத்தைக் கைமாற்றிப் பார்த்தால் என்ன? ஸ்பானரைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு விளக்கைத் தகப்பனார் வாங்கிக்கொண்டால் என்ன நடக்கும்? நமது வீட்டுக் கொட்டகையில், ஏறக்குறைய மூன்று வருஷ காலம், ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த காரியம் இதுதான். ஸ்பானர் பிடித்தவள் நமது குமாரி. ஆரம்பித்தபோது அவளுக்கு வயது பதின்மூன்று. விளக்குப் பிடித்தவர் நாம். வேலைக்கு உட்பட்டது ஒரு பழைய மோட்டார் கார்.

பழைய கார்களிடத்தில் நம்மவர்களுக்கு இப்போது பிரியம் அதிகமாகி வருகிறது. சென்னையிலும் கோயமுத்தூரிலும் பழங்கார் ஊர்வலங்கள் நடக்கின்றன. கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடு அவர்கள் பெயரால் விளங்கும் ஸ்தாபனத்தார் கார்களுக்கென்றே ஒரு காட்சிசாலை வைத்திருக்கிறார்கள். அங்கே உள்ள பளபளப்பைக் கண்டு மயங்கி வீடு திரும்புகிறவர்களில் சிலர், "நம் தாத்தா ஓட்டிய வண்டி கொல்லையில் கிடக்கிறதே, அதையும் இப்படிச் செய்யலாமே!" என்று எண்ணுகிறார்கள். செய்யலாம், அவசியம் செய்யலாம். ஆனால் பளபளப்பு என்பது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் வருவது என்ன என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

சென்னையில் பிறந்த கார்

நம்மிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மூன்றாம் மார்க்கு, நான்கு கதவுகள் உள்ளது, 1969-ம் வருஷத்தில் செய்யப்பட்டது. நமது தகப்பனார் அதை 1979-ல் ஒரு டாக்டரிடமிருந்து செகண்டு ஹாண்டாக வாங்கினார். நாம் பிறந்ததும் அதே வருஷந்தான். ஆகவே காரும் நாமும் ஒரே வீட்டில் கூடப் பிறந்தவர்களைப் போல் வளர்ந்தோம். 1998-ல் அதன் ஓட்டம் நின்றது. மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தில் தள்ளி நிறுத்தினார்கள். அதன் பின் இருபத்துநான்கு வருஷம் அதன் கூரைமீது தென்னை மட்டைகளும், பின் ஆசனத்தில் கோழிகளும் குடித்தனம் செய்தன.

இந்தக் காரின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. 1948-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் கம்பெனி ஆரம்பமாயிற்று. முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி 'வான்கார்டு' என்னும் கார்களை வெளியிட்டார்கள். 1953-ல் இந்திய சர்க்கார் ஒரு முக்கியமான தீர்மானத்துக்கு வந்தார்கள். பாகங்களை இந்த நாட்டிலேயே செய்வதற்குத் திட்டம் இல்லாமல், வெறுமே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு இங்கே இனி வேலை இல்லை என்பதுதான் அது. ஃபோர்டு கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிக்கொண்டு போயின. கல்கத்தாவை அடுத்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றுமே கார் செய்யும் தொழிலில் முக்கியமாக நிலைத்து நின்றன. 1961-ல் சென்னைக் கம்பெனியார் ஹெரால்டு காரைச் செய்யத் தொடங்கினார்கள். வருஷத்துக்கு வருஷம் அதில் சுதேசிப் பாகங்கள் கூடிக்கொண்டே வந்தன.

ஹெரால்டு இங்கிலாந்தில் 'ட்ரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரோடு 1959-ல் வெளிவந்தது. அதற்கு உருவம் வகுத்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கலாட்டி. ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் ஒருநாளும் செய்யப்பட்டதில்லை. பாட்டியும் பேரனும் பெட்டி படுக்கையுமாகப் பிரயாணம் செய்கிற நம் தேசத்துக் குடும்பங்களுக்காக, 1960-களின் பிற்பகுதியில், சென்னையில் மட்டும் செய்யப்பட்டது அது. 1971-ல் ஹெரால்டு நின்றது. அதற்குப் பின் 'கெஸல்' வந்தது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. 1980-களின் இறுதியில் அந்தக் கம்பெனியின் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று. எனவே, நம் கொட்டகையில் கோழிகளுக்கு இடம் கொடுத்த வண்டி, உலகத்தில் வேறெங்கும் செய்யப்படாத ஒரு தமிழ்நாட்டுச் சரக்கு.

கழற்றுவதற்கென்றே அமைந்தது போல்

தகப்பனும் குழந்தையும் சேர்ந்து கைவைப்பதற்கு இந்தக் காரைப் போல் ஏற்றது வேறொன்று கிடைப்பது அரிது. அதற்குக் காரணம் ஒரு வியாபாரச் சங்கடம் என்பது வேடிக்கை. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு இங்கிலாந்தில் கார்க் கூடுகள் செய்துகொடுத்து வந்த பெரிய ஆலையை 1953-ல் ஒரு போட்டிக் கம்பெனியார் விலைக்கு வாங்கிவிட்டார்கள். முழுக் கூட்டை ஒரே இடத்தில் செய்து வாங்குவதற்கு வழியில்லாமல் போயிற்று. ஆகவே என்ஜினீயர்கள் வேறு உபாயம் தேடினார்கள். கனமான ஒரு சாஸியை அடியில் வைத்து, அதன் மேல் கூட்டைத் துண்டு துண்டாக, வெவ்வேறு ஆலைகளில் செய்து போல்ட்டுகளால் பூட்டிவிடுவதென்று முடிவு செய்தார்கள்.

அன்றைக்கு அவர்களுக்கு நேர்ந்த கஷ்டம் இன்றைக்கு நமக்கு அதிர்ஷ்டமாக இருக்கிறது. கூரையைக் கூட போல்ட்டுகளை எடுத்துத் தனியாகத் தூக்கிவிடலாம். பானெட்டோ இரு பக்கத்து மட்கார்டுகளோடும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். எஞ்ஜின், ஸ்டியரிங், முன் சக்கரங்கள் எல்லாம் நாடக மேடையில் திரை விலகினாற்போல் வெளிச்சத்துக்கு வந்து நிற்கும். முன் டயரின் மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு எஞ்ஜின் வேலை பார்க்கலாம். மற்றக் கார்களில் தலையை நுழைத்து, முதுகை வளைத்து, மெக்கானிக்கைத் தவிர வேறொருவரும் எதையும் பார்க்கமுடியாதபடி வேலை நடக்கும். இதிலோ, கொட்டகைக்குள் வருகிற பால்காரர் கூட நின்று நிதானமாகப் பார்த்து அபிப்பிராயம் சொல்லலாம். சொல்லவும் சொன்னார்.

பெயர் எழுதி வைத்தல்

கழற்றுவது எளிது, மாட்டுவதுதான் கஷ்டம் என்று எல்லாரும் சொல்வார்கள். கழற்றும்போதே மாட்டுவதை நினைத்துக்கொண்டால் இரண்டும் எளிதுதான். நமது குமாரி முதல் நாளே நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். எந்தப் பாகத்தையும் தொடுமுன் ஒரு போட்டோ. கழற்றியவுடன் நோட்டில் ஒரு சிறிய படம். அதற்குரிய நட்டு, போல்ட்டு, வாஷர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில். பாட்டில் மேல் ஒட்டிய சீட்டில் பெயரும் தேதியும். ஆறு மாதத்தில் சமையலறை அலமாரிகளில் இருந்த காலிப் பாட்டில்கள் அவ்வளவும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தன. ஊறுகாய் போடும் பருவம் வந்தபோது வீட்டு எஜமானி அம்மாளிடமிருந்து பலத்த ஆட்சேபம் கிளம்பியதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

ஸ்பானர் விஷயத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. இந்தக் காரின் நட்டுகள் அங்குல அளவுள்ளவை. இன்று நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை மில்லிமீட்டர் ஸ்பானர்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13-ம் நம்பர் ஸ்பானர் அதில் நுழையும். லேசான நட்டைத் திருப்பவும் திருப்பும். ஆனால் துருவேறி இறுகிப்போன நட்டில் பலம் கொடுத்தால் ஆறு முனைகளும் மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும். அப்புறம் உளியும் சுத்தியலுந்தான் கதி. சென்னை புதுப்பேட்டைக்குப் போய், பழஞ்சாமான் கடைகளில் தேடி, அங்குல ஸ்பானர் செட்டு ஒன்று வாங்கி வந்தோம். பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை தசாம்சக் கணக்குப் போட்டாலும் 12.7-க்கும் 13-க்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு நன்றாகக் கையில் உறைக்காது.

ஜாக்கிரதை

குழந்தைகளை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள் சில விஷயங்களில் கண்டிப்பாக இருக்கவேண்டும். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கிற காருக்கு அடியில் ஒருவரும் போகலாகாது. உறுதியான இரும்பு ஸ்டாண்டுகள் நான்கை வைத்து, காரை அசைத்துப் பார்த்த பிறகே கீழே கையை விடவேண்டும்.

இரண்டாவது, பிரேக் தூசி. பழைய கார்களின் பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது சகஜம். டிரம்மைக் கழற்றியவுடன் வாயால் ஊதித் தூசியைப் போக்குவது நம் பட்டறைகளில் வெகு நாளைய வழக்கம். அந்தத் தூசி நுரையீரலில் புகுந்தால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படலாம். ஊதாமல், முகமூடி அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஆகையால் அதையும் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல், தண்ணீர் விட்டே தேய்க்கவேண்டும்.

மூன்றாவது, பெட்ரோல். இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு வரையில் எதனால் கலந்திருக்கிறது. 1969-ல் செய்த ரப்பர்க் குழாய்க்கு அது ஒத்துக்கொள்ளாது. குழாய் ஊறி, வெடித்து, சூடான எஞ்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டும். பெட்ரோல் போகிற வழியில் உள்ள பழைய ரப்பர் அனைத்தையும், பம்பின் உள்ளே இருப்பது உட்பட, எதனால் தாங்கும் புதிய ரப்பராக மாற்றிவிடுவது உத்தமம்.

பித்தளைக் கட்டியும் எண்பதாவது வயதும்

எஞ்ஜினை எழுப்புவதுதான் முதல் வேலை என்று நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். ஒரு பெரியவர் அதை மாற்றினார். அவர் இளமையில் ஸ்டாண்டர்டு கார்களிலேயே வேலை பழகியவர். இப்போது எழுபது வயதுக்கு மேலாகிறது. கொட்டகைக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, எஞ்ஜின் ஓடாவிட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். முன் சக்கரத்தை முதலில் பார்க்கலாம். பாப்பா, அந்தச் சக்கரத்தைக் கழற்று" என்றார்.

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டின் அடிப்பாகத்தில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பித்தளைக் கட்டிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டிக்குள் திருகாணி போல் சுழலும். கட்டிக்கு ட்ரனியன் என்று பெயர். இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் போடவேண்டும் என்பது காரைச் செய்தவர்களின் விதி. ஆனால் மற்ற மூட்டுக்களுக்கெல்லாம் கிரீஸ் அடிக்கிற பட்டறைக்காரர்கள் இதற்கும் கிரீஸே அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்குவதில்லை. நாளடைவில் காய்ந்து கட்டியாகிவிடும். தண்ணீர் புகும், மரை துருப்பிடிக்கும். ஒருநாள் வளைவில் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடிந்துபோகும்.

பெரியவர் சொன்னது போலவே குமாரி இடது பக்கத்து ட்ரனியனைக் கழற்றினாள். உள்ளேயிருந்து எண்ணெய் வரவில்லை. செம்மண்ணைப் போல் துரு உதிர்ந்தது. மரையில் பாதி அரித்துப்போயிருந்தது. வலது பக்கமும் அதை விட மேல் என்று சொல்வதற்கில்லை.

இதே தண்டும் கட்டியும் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் காரிலும் உண்டு. 1980 வரையில் செய்யப்பட்ட அந்தக் காருக்கு இங்கிலாந்தில் இன்றும் பாகங்கள் செய்து விற்கிறார்கள். எழுதி வரவழைக்க ஏற்பாடு செய்தோம். சாமான் வரத் தாமதமாயிற்று. இதற்குள் 2024-ம் வருஷம் வந்துவிட்டது. நமது தகப்பனாருக்குச் சதாபிஷேகம் செய்யவேண்டிய வருஷம் அது.

பந்துக்களுக்கெல்லாம் ஓர் ஆசை. கிழவரை அவருடைய சொந்தக் காரிலேயே கோயிலுக்கு அழைத்துப் போகவேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னார்கள். அதற்குள் எஞ்ஜின் ஓடத் தொடங்கியிருந்தது, பிரேக்கும் சரியாகியிருந்தது. "கோயில் என்ன, அரை மைல். மெதுவாக உருட்டிக்கொண்டு போனால் என்ன கெட்டுவிடும்? பழைய சக்கரத்தையே மாட்டு" என்றார்கள். பார்க்கப்போனால் அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. எண்பதாவது வயது இன்னொரு தடவை வராது.

குமாரி அரித்துப்போன தண்டை ஒரு பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அதைத் தாத்தாவின் கையில் கொடுத்தாள். தாத்தாவுக்குப் பார்வை மங்கி வெகு நாளாயிற்று. அவர் விரலால் மரையைத் தடவிப் பார்த்தார். "இதிலேயா போகச் சொல்கிறார்கள்?" என்றார். "ஆமாம் தாத்தா. நான் மாட்டமாட்டேன்" என்றாள் அவள். பெரியவர்களுக்கு எதிரில் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. நாம் குறுக்கே பேசவில்லை. தாத்தா சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஆட்டோவுக்குச் சொல்லுங்கள்" என்றார்.

ஆட்டோவிலேதான் சதாபிஷேகம் நடந்தது. புதிய தண்டுகள் அதற்கு ஏழு வாரம் கழித்து வந்து சேர்ந்தன.

ஒன்பதின் கணக்கு

இனி எஞ்ஜின் விஷயம். ஹெரால்டில் இருப்பது 948 கன சென்டிமீட்டர் அளவுள்ள, நான்கு சிலிண்டர் எஞ்ஜின். பல வருஷம் தூங்கிய எஞ்ஜினைச் சாவி போட்டு எழுப்பலாகாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டுப் பிறகு கையால் சுற்றிப் பார்க்கவேண்டும். பத்தாவது நாள் எங்களுடையது அசைந்து கொடுத்தது.

இந்த எஞ்ஜினில் வரிசையாக எட்டு வால்வுகள். வால்வுக்கும் அதைத் தட்டுகிற கைக்கும் இடையில், எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு இடைவெளி இருக்கவேண்டும். எந்த வால்வை எப்போது அளப்பது? பெரியவர் ஒரு சூத்திரம் சொன்னார். முழுக்கத் திறந்திருக்கிற வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழி. வருகிற எண்ணுள்ள வால்வை இப்போது அளக்கலாம். எட்டாவது திறந்திருந்தால் முதலாவதை அளக்கலாம். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை அளக்கலாம்.

"ஏன் ஒன்பது?" என்றாள் குமாரி.

"என் வாத்தியார் சொன்னார்; நான் செய்கிறேன்" என்றார் பெரியவர்.

நமக்கு விடை தெரியும். சொல்லிவிடலாம் என்று நாவின் நுனிவரை வந்தது. பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக விடை சொல்லிப் பழகிய நாவு அது. ஆனாலும் நம் கையில் இருந்தது விளக்கு. சாக்குக் கட்டி அல்ல. சும்மா இருந்தோம்.

இரண்டு நாள் சாயங்காலம் அவள் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் ஓடிவந்தாள். முதலாவது சிலிண்டரின் பிஸ்டனும் நாலாவதன் பிஸ்டனும் ஜோடி. ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். அதே போல் இரண்டாவதும் மூன்றாவதும் ஜோடி. ஆனால் ஒன்றில் வெடி நடக்கும் வேளையில் அதன் ஜோடியில் மூச்சு நடக்கும். ஆகையால், ஒன்றின் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது அதன் ஜோடியில் உள்ள அதே இன வால்வு நன்றாக மூடியிருக்கும். வால்வுகளை இந்தக் கோடியிலிருந்தும் அந்தக் கோடியிலிருந்தும் எண்ணினால் ஜோடிகள் கண்ணாடியில் தெரிவது போல் சமமாக அமைகின்றன. ஒன்றும் எட்டும், இரண்டும் ஏழும், மூன்றும் ஆறும், நாலும் ஐந்தும். எதைக் கூட்டினாலும் ஒன்பது!

பெரியவரிடம் இதை அவள் விவரித்தாள். அவர் நெடுநேரம் கட்டத்தைப் பார்த்தார். "அம்பது வருஷமாகச் செய்கிறேன். இன்றைக்குத்தான் தெரிந்தது, பாப்பா" என்றார். அன்று முதல் அவர் தமக்குத் தெரிந்ததை எதுவும் ஒளிக்காமல் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார் என்பது நாம் கவனித்த விஷயம்.

புதிய எஞ்ஜினா? சட்டம் என்ன சொல்கிறது?

"இந்தப் பழைய எஞ்ஜினோடு ஏன் மல்லாடுகிறீர்கள்? புதுக் காரின் எஞ்ஜின் ஒன்றைத் தூக்கிப் போட்டால் பறக்குமே!" என்று யோசனை சொல்ல நான்கு பேர் வருவார்கள். அவர்கள் நல்லவர்களே. ஆனால் அவர்கள் பேச்சைக் கேட்டால் கார் வேறு ஜாதியாகிவிடும். சட்டமும் இதில் ஒரு கருத்து வைத்திருக்கிறது.

2021 ஜூலையில் மத்திய சர்க்கார் பழங்கார்களுக்கென்று தனி விதிகள் வகுத்தார்கள். முதலில் பதிவான நாளிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேலான, சாஸியிலும் கூட்டிலும் எஞ்ஜினிலும் பெரிய மாறுதல் செய்யாத இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'வின்டேஜ்' வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது பத்து வருஷம் செல்லும். பதிவு எண்ணின் நடுவில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் இருக்கும். முன்பே பதிவான வண்டிகள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இதில் நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வின்டேஜ் என்று பதிவான காரைக் காட்சிக்கும், பழங்கார் ஊர்வலத்துக்கும், ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவுமே ரோட்டில் கொண்டுபோகலாம். தினம் ஆபீசுக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டலாகாது. குடும்பத்தோடு கோயில் குளம் போய்வர விரும்புகிறவர்கள் சாதாரணப் பதிவையே தகுதிப் பரிசோதனை செய்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இதற்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. அதன் பின்னரும் உயர்ந்திருக்கிறது. காரை அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்வதா, வீட்டு மனிதராக வைத்துக்கொள்வதா என்பதை, வேலை ஆரம்பிக்கும் முன்பே குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. நமது வீட்டில் இரண்டாவது வழியே நிச்சயமாயிற்று.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பாதிக்கு மேல் டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்குமே போயிற்று. இவ்விரண்டும் கைதேர்ந்தவர்கள் செய்யவேண்டிய வேலை. துருப்பிடித்த சாஸிக்குத் தகடு வைத்துப் பற்றவைப்பதும் அப்படியே. மற்றதெல்லாம் பொறுமை உள்ளவர்கள் வீட்டிலேயே செய்யலாம். அதற்குச் செலவு பெரும்பாலும் மண்ணெண்ணெயும் பழந்துணியுந்தான்.

காதால் பார்த்தவர்

எல்லாம் முடிந்து, காரை முற்றத்துக்குக் கொண்டுவந்து ஓடவிட்ட அன்று, நமது தகப்பனார் சாய்வு நாற்காலியைத் திண்ணையில் போடச் சொல்லி உட்கார்ந்தார். வண்டியின் நிறத்தை எல்லாரும் அவருக்கு விவரித்தார்கள். அவர் கையை உயர்த்தி எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆனந்த பாஷ்பம் வரப் போகிறது என்று நாம் எதிர்பார்த்தோம்.

"ஏண்டா, மூன்றாவது சிலிண்டர் தூங்குகிறதே?" என்றார்.

குமாரி நம்பவில்லை. ஒவ்வொரு பிளக்கின் ஒயரையும், ரப்பர்ப் பிடி போட்ட குறட்டால், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து மாட்டிப் பார்த்தாள். வேலை செய்கிற சிலிண்டரின் ஒயரை எடுத்தால் எஞ்ஜினின் ஓசை நொண்டும். தூங்குகிற சிலிண்டரின் ஒயரை எடுத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. முதலாவதை எடுத்தாள், நொண்டிற்று. இரண்டாவது, நொண்டிற்று. மூன்றாவதை எடுத்தாள், ஓசை மாறவில்லை. ஒயருக்குள் கம்பி அறுந்திருந்தது. வேறு ஒயர் மாட்டியவுடன் கிழவர், "ஹும். இப்போது சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே எழுந்து போனார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அந்தக் காரிலேயே போய்வந்தார். முன் ஆசனத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும், சக்கரம் இருக்கிற இடது பக்கமாகக் காதைச் சாய்த்தபடி.

வீட்டுக்கு வீடு

இவ்வளவும் படித்துவிட்டு, "எங்கள் வீட்டில் பழைய கார் இல்லையே!" என்று நேயர்களில் பெரும்பாலோர் சொல்லக்கூடும். இல்லாவிட்டால் பாதகமில்லை. பாட்டி தைத்த தையல் மிஷின் பரணில் இருக்கும். பெண்டுலம் நின்றுபோன சுவர்க் கடிகாரம் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பாடுகிற ரேடியோ கூட இருக்கலாம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, தெரிந்தவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதைத் திறக்கலாம். எதை எடுத்தாலும் முறை ஒன்றுதான். கழற்றுமுன் படம் எடுக்கவேண்டும். கழற்றியதற்குப் பெயர் எழுதவேண்டும். ஏன் என்று குழந்தை கேட்கும்போது உடனே விடை சொல்லாமல் இருக்கவேண்டும். இவற்றில் கடைசியில் சொன்னதுதான் பெற்றோர்களுக்குக் கஷ்டமானது.

ஒரு சாமான் எப்படி உண்டாயிற்று என்பதை அறிந்த குழந்தை, அது கெட்டுப்போனால் கலங்குவதில்லை. எங்கே கெட்டிருக்கும் என்று தேடும். அதைவிட முக்கியம், எது கெட்டிருக்கும்போது ஓட்டலாகாது என்பதும் அதற்குத் தெரியும். ஊரெல்லாம் 'ஓட்டு, ஓட்டு' என்று சொன்னாலும், அரித்த மரையைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நிற்கும். பரீட்சையில் இதற்கு மார்க்கு இல்லை. ஆனாலும், வருகிற ஜூன் மாதம் நமது குமாரி மேல்படிப்புக்காக வெளியூர் போகும்போது, எதைக் குறித்தும் நாம் அவளுக்கு அதிகமாகப் புத்திமதி சொல்லப்போவதில்லை. அந்த அங்குல ஸ்பானர் செட்டை மட்டும் பெட்டியில் வைத்து அனுப்பலாமென்று இருக்கிறோம்.